மூன்றாம் வரியில் ஓர் ஓட்டை

பல் போனவர்களும், போகட்டும் என்று காத்திருப்பவர்களுமாகிய என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இளசுகள் படித்தால் படிக்கட்டும், நான் தடுக்கவில்லை.

போன மாதம் என் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மாமி, உங்களுக்குப் பியானோ பிடிக்குமாமே, கேளுங்க" என்று பொத்தானை அமுக்கினார். முதல் வரியைக் கேட்டதுமே ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். அட, நம்ம கோபக்காரர்! ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு சுரம் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றாம் வரி வந்ததும் என்னையறியாமல் உரத்த குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டேன். டேப் அதைக் கண்டுகொள்ளாமல் வேறெங்கோ போய்விட்டது. மருமகன் என் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். மறுநாள் இருவரும் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்டியில், கொன்வென்டுக்கு ஏறும் மேட்டுப் பாதையின் அடியில் எங்கள் வீடு. அப்பா தேயிலைக் கம்பனி ஒன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். தாயில்லாப் பிள்ளையாகக் கொன்வென்டு போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர்மாரிடம் சுரம் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டு, மாதா கோவிலில் ஆர்மோனியப் பெட்டியை மிதித்து வாசித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணமாகவில்லை. அந்தக் காலத்தில் அதைச் சொல்லும்போது ஆட்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள், ஏதோ நோய் மாதிரி.

அது தேயிலை விலை விழுந்த காலம். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்மா அப்பாவை ஓர் அலுமாரி வாங்க அனுப்பினாள். "கண்ணாடி வச்சது, ரெண்டு இழுப்பு லாச்சி இருக்கணும்" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினாள். பார்த்து வாங்கத் துணையாக அத்தையும் போனாள்.

இருட்டும் நேரத்தில் மாட்டுக் கரத்தை வந்து நின்றது. மாடு ஓட்டிய முஸ்லிம் நானா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவுக்குச் சிநேகிதர். இறங்கி வந்து அம்மாவிடம், "தங்கச்சி, இது என்ன சாமான் எண்டு எனக்கு வெளங்கல்ல. பேராதனைப் பாலத்துல வண்டிச் சில்லு ஏறினதும் உள்ளுக்குள்ள மணியடிச்சிச்சி. பின்னால பெரஹர ஊர்வலம் வருது எண்டு நெனச்சிப் பொடியனுங்க ரெண்டு மைல் ஓடி வந்தானுங்க" என்றார்.

சாக்கை நீக்கினால் பியானோ. கூடவே ஒரு பழைய இசைப் புத்தகமும் இருந்தது.

அம்மா அதில் கண்ணாடி எங்கே, லாச்சி எங்கே என்று தேடினாள். கடைசியில் அப்பாவே, "அலுமாரியில கறையான்" என்றார். அது பச்சைப் பொய். ஏலத்தில் அத்தை பியானோவுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கட்டையை ஒரே ஒரு விரலால் தொட்டாள், அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான் நடந்தது. இது எனக்கு அப்பா சாகும் வருஷம்தான் தெரிய வந்தது.

வாசல் வழியாகப் போகவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். அம்மா நாலு நாள் அதன் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் அதன் கீழ்ப்பலகை கழன்று வருவதைக் கண்டுபிடித்தாள். உள்ளே நல்ல இடம் இருந்தது. கூறைச் சேலையையும் மற்ற நல்ல சேலைகளையும் மடித்து, பூச்சி உருண்டை போட்டு, உள்ளே அடுக்கிப் பலகையை மாட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் பியானோவின் தாழ்ந்த சுரங்கள் எல்லாம் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரித்தான் கேட்கும். அத்தை கொஞ்சம் அழுத்தி வாசித்தால் அடுப்படியிலிருந்து, "மெதுவா, புள்ள! சேலை கசங்குது!" என்று சத்தம் வரும்.

இனிப் புத்தகம். தடித்த தோல் அட்டை, எல்லாம் ஐரோப்பாவின் பெரிய பெரிய ஆட்கள் எழுதிய பியானோ இசை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் எழுதியவரின் முகம், பதக்கம் மாதிரி. அவர்கள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். பொய்ச்சுருள் மயிர் வைத்தவர் சுருள்முடிக்காரர். முறைத்துக்கொண்டிருந்தவர் கோபக்காரர். வெளுத்து மெலிந்திருந்தவர் இருமல்காரர். இருமல்காரருக்காக அம்மா பரிதாபப்படுவாள்.

அந்தப் புத்தகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரை நேராக, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், எல்லாப் பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போனது. பூச்சி அரித்தது என்றார் அப்பா. நானா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல தம்பி, இது துவக்கு. தொரசாணி வாசிக்கிறது பொறுக்க ஏலாம தொர சுட்டீக்கிறான்" என்றார். இரண்டு வருஷம் இந்த வழக்கு தீரவில்லை. எனக்கு என்னவோ நானா சொன்னதே பிடித்திருந்தது.

ஓட்டை எல்லாப் பக்கத்திலும் மூன்றாம் வரியில், ஓரத்தில் விழுந்திருந்தது. வலப்பக்கத்தில் வரியின் முடிவு, புரட்டினால் இடப்பக்கத்தில் வரியின் ஆரம்பம். இசை வரியைக் குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டத்தை அந்தப் பூச்சி (அல்லது துரை) தின்றுவிட்டது. அத்தை வாசித்துக்கொண்டே வருவாள், ஓட்டை வந்ததும் நின்றுவிடுவாள். அந்தப் பக்கம் போகப் பாலம் இல்லை. ஒரு வாரம் அப்படியே நின்று நின்று பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை வழக்கம்போல வீட்டில் செபமாலை சொல்லி, மாதா பிரார்த்தனை பாடினோம். உங்களில் கத்தோலிக்க வேதக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகப் பாடுவார், மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரே ராகத்தில் பதில் பாட வேண்டும். பட்டம் மாறும், பதில் மாறாது. அன்று நடுவில் அத்தையின் குரல் நின்றுவிட்டது. பிரார்த்தனை முடிந்ததும் முழங்காலில் இருந்து எழுந்து நேரே பியானோவுக்குப் போனாள். சுருள்முடிக்காரரை எடுத்தாள். மூன்றாம் வரியில் ஓட்டை வந்தது. அந்த இடத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதிலின் ராகத்தை, இடது கையில் துணைச் சுரம் சேர்த்து, அப்படியே வாசித்து அக்கரைக்குப் போய்விட்டாள்.

"என்ன புள்ள இது?" என்றாள் அம்மா.

"எந்தப் பேர் சொன்னாலும் பதில் ஒண்ணுதானே, மதினி? ஓட்டையும் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"

அன்றிலிருந்து அப்படித்தான். கோபக்காரர் இடி இடித்துக்கொண்டு வருவார், மூன்றாம் வரியில் மாதாவிடம் மன்றாடுவார். இருமல்காரர் அழுதுகொண்டே வருவார், அவரும் மன்றாடுவார். ஒவ்வொருவருக்கும் தகுந்த மாதிரி அத்தை அதை மெதுவாக்குவாள், துரிதமாக்குவாள், சோகமாக்குவாள், ஒருமுறை நடனத்துக்கு ஏற்ற மாதிரி மூன்று தட்டாகக்கூட ஆக்கினாள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அந்த இடம் வந்தால் வீட்டில் யார் எங்கிருந்தாலும் பதில் சொல்லிவிடுவோம். அம்மா தேங்காய் துருவியபடியே சொல்வாள். அப்பா சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வார்.

உலகத்தில் எழுதப்பட்ட பியானோ இசை எல்லாவற்றிலும் மூன்றாம் வரியில் மாதா வருவார் என்று நான் முழுமனதாக நம்பினேன். வெள்ளைக்காரர்கள் நல்ல பக்தியுள்ளவர்கள் என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன்.

இப்படி இருக்கையில் கம்பளையிலிருந்து ஒரு வரன் வந்தது. இரும்புக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், நாலு பிள்ளைகள். ஆள் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு நல்ல இடம் என்று பட்டது. அத்தை, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றாள். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது.

அதே மாதம் கொன்வென்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் சீமைக்குத் திரும்பப்போகிறார் என்று செய்தி வந்தது. கொன்வென்டுத் தலைவியான மதர் அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். பாடசாலை விழாவில் பெற்றோருக்கு முன்னால் ஒரு பெரிய உருப்படி வாசிக்க வேண்டும், நன்றாக இருந்தால் தை மாதம் முதல் வேலை. அப்பாவும் அதற்கு ஒப்புக்கொண்டு ஒரு முடிவு சொன்னார். "வேலை கெடச்சா உன் இஷ்டம், தங்கச்சி. கெடைக்காட்டிக் கம்பளைதான். நான் வார்த்தை குடுத்துருவேன்." அத்தை சரி என்றாள்.

விழாவுக்கு முன் உருப்படியைக் கேட்டுத் திருத்தம் சொல்ல மதர் ஒருவரை அனுப்பினார். ஆண்கள் பாடசாலையில் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர். பெரிய கோவிலில் ஓர்கன் வாசிப்பவர். நெட்டையாக, கறுப்புக் குடையோடு, மழை இல்லாத நாளிலும் குடையை விரித்துக்கொண்டு வருவார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அத்தை கோபக்காரரின் நீண்ட உருப்படி ஒன்றை வாசித்தாள். மூன்றாம் வரி வந்தது. நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம்.

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது பிழை" என்றார்.

"எது பிழைங்க?" என்றார் அப்பா.

"உந்த இரண்டு கட்டம். அந்த மனுசன் அப்பிடி எழுதேல்லை. திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ."

திரும்ப வாசித்தாள். நாங்கள் இந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தோம். "ஓம், பிழைதான்" என்றார். அத்தை புத்தகத்தை எடுத்து ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள். ஓட்டையின் மறுபக்கத்தில் அவருடைய ஒரு கண் தெரிந்திருக்க வேண்டும். பிறகு மாஸ்டர், "என்னட்டை முழுப் புத்தகம் இருக்கு. சனிக்கிழமை கொண்டு வாறன்" என்றார்.

அவர் போனதும் அம்மா, "யாழ்ப்பாணத்துக் கர்வம்! டீயைக் கூடக் குடிக்காமப் போறாரு" என்றாள். நான் அவரை மனதார வெறுத்தேன். எங்கள் வீட்டு மாதாவைப் பிழை என்று சொன்ன ஆள்!

சொன்னபடி சனிக்கிழமை வந்தார். கையில் தன் புத்தகம், கத்தரிக்கோல், ஒரு டப்பியில் கோதுமை மாப் பசை. காகிதத்தை ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக வெட்டி, விடுபட்ட கட்டங்களை இரண்டு பக்கமும் எறும்பு எழுத்தில் எழுதி, ஓட்டையில் பொருத்தி, விளிம்பில் பசை தடவி ஒட்டினார். ஒரு சனிக்கிழமைக்குப் பத்துப் பதினைந்து ஓட்டை. எங்கள் வீட்டில் எந்தத் தச்சனும் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ததில்லை. அத்தை ஒட்டிய பக்கங்களை வாசித்துப் பார்ப்பாள். எல்லாம் சரியாக, ஒழுங்காக, நேராகப் போகும். எனக்கு வீடே வெறிச்சோடின மாதிரி இருந்தது. அம்மா ஒருநாள் தேங்காய் துருவுவதை நிறுத்தி வாயைத் திறந்தாள், பதில் சொல்ல இடம் வரவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டு, "என்னமோ போங்க" என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, விழாவில் வாசிக்க வேண்டிய கோபக்காரரின் உருப்படிக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பில் மட்டும் இரண்டு முகம் போட்டிருந்தது, சுருள்முடிக்காரரும் கோபக்காரரும். அண்ணன் தம்பியாக இருக்கும் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். அத்தை மாஸ்டரிடம் கேட்டாள்.

"சொந்தக்காரர் இல்லை" என்றார் மாஸ்டர். "பாட்டு இவர் எழுதினது. சுருள்முடிக்காரர்." எங்கள் பட்டப்பெயர்கள் அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. "அவர் செத்துக் கனகாலத்துக்குப் பிறகு கோபக்காரர் அந்தப் பாட்டை எடுத்து, பிரிச்சு, திருப்பி, தன்ரை எண்ணத்துக்கு மாத்தி எழுதினவர்."

"அப்ப அது களவா?" என்றார் அப்பா.

"சீச்சீ. மரியாதை, ஐயா. பெரிய ஆக்கள் எல்லாரும் செய்தவை."

அத்தை கட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவரு மாத்தினா மரியாதை. நான் மாத்தினாப் பிழைங்களா?"

மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். டீ ஆறிப்போயிற்று. கடைசியில் எழுந்து, "இதையும் மிச்சப் பக்கங்களையும் நான் வீட்டை வைச்சு ஒட்டி, கொன்வென்டிலை குடுக்கிறன்" என்று புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். "கேள்வி கேட்டாக் கோவம் வந்துருச்சு பாரு" என்றாள் அம்மா. அவருக்குக் கோபம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். விழாவுக்கு இருந்த ஒரு வாரமும் அத்தை கொன்வென்டுப் பியானோவிலேயே பழகினாள். வீட்டில் ஒரு சுரமும் கேட்கவில்லை.

விழா நாள். மண்டபத்தில் முன்வரிசையில் மதரும் சிஸ்டர்மாரும். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஆண்கள் பக்கம் அப்பா, அவருக்குப் பக்கத்தில், புதுச் சப்பாத்து கிறீச்சிட, கம்பளை இரும்புக்கடைக்காரர். பெண்ணைப் பார்க்க இதுவே நல்ல சந்தர்ப்பம் என்று அப்பா அழைத்திருந்தார். பெண்கள் பக்கம் அம்மாவும் நானும், எங்களுக்குப் பின்னால் மூன்று வரிசைக்கு எங்கள் பங்கின் தாய்மார்கள். சனிக்கிழமை தவறாமல் கோவிலில் பிரார்த்தனைக்கு முழங்காலிடுகிறவர்கள்.

அத்தை வந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை. புத்தகத்தைத் திறந்து வைத்தாள். தலை நிமிரவில்லை. பிழை விட்டால் அத்தை கம்பளைக்குப் போய்விடுவாள், பியானோவுக்குள் சேலை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் வரி நன்றாகப் போயிற்று. கொன்வென்டுப் பியானோவில் சேலை இல்லாததால் இடது கை முழங்கியது. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. முடிவு நெருங்கியது. நான் சத்தியமாக வாயை இறுக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் வந்தது எங்கள் ராகம்! விரல் தவறியதோ, பழக்க தோஷமோ, அதே ஒன்பது சுரம்! என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

மண்டபத்தின் கூரை வரை கேட்டது. அம்மாவின் கை என் தொடையைக் கிள்ள வந்தது, கிள்ளியும் விட்டது, ஆனால் அம்மாவின் வாயும் அதற்குள் பதில் சொல்லி முடித்திருந்தது. அவ்வளவுதான். பின்னால் இருந்த மூன்று வரிசையும் ஒரே குரலில் தொடர்ந்தது. யாரோ ஒரு கிழவி முழங்காலிடக் கதிரையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கோபக்காரர் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை மறுபடி மேலே போனாள். இந்த முறை மண்டபம் ஆயத்தமாக இருந்தது. மூன்றாம் வரி வந்ததும் ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் மேலாக ஒரு குரல், இரும்புக்கடையில் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பழகிய குரல், கணீரென்று, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முழங்கியது. அவர் சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

அத்தை முடிவு வரை வாசித்துவிட்டு எழுந்து வணங்கினாள். கை தட்டுவதா, ஆமென் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் நடந்தது.

மதர் எங்களைப் பார்லருக்கு, அதாவது விருந்தாளி அறைக்கு, அழைத்தார். அப்பா, அத்தை, மாஸ்டர். முதலில் பதில் சொன்ன பிள்ளை எதுவோ அதையும் கொண்டுவரும்படி உத்தரவு. அம்மா என் பின்னால் நின்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மதர் சீமையிலிருந்து வந்து முப்பது வருஷம். தமிழைச் செபப் புத்தகத்தில் படித்தவர், அதனால் எங்களோடும் செபப் புத்தகம் மாதிரியே பேசுவார். அத்தையைப் பார்த்து, "நீர் வாசித்த கீதத்துக்குள்ளே பரிசுத்த மாதா எவ்விதம் பிரவேசித்தார்?" என்றார்.

அத்தை வாயைத் திறக்குமுன் நான் அழத் தொடங்கிவிட்டேன். "அது அங்க வரும், மதர். எல்லாத்துலயும் வரும். மூணாவது வரியில வரும். அத்தை மேல தப்பில்ல."

மதர் புத்தகத்தைக் கேட்டார். அத்தை கொடுத்தாள். மதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார். மூன்றாம் வரி முடிவில், வட்டமாக, ஒழுங்காக ஒட்டிய காகிதம். மதர் அதைப் பார்த்து மெல்லிய குரலில் முனகிப் பார்த்தார். முனகியது எங்கள் ராகம்.

விரல் தவறவில்லை, வயதுக்காரர்களே. பழக்க தோஷமும் இல்லை. அத்தை எழுதியிருந்ததைத்தான் வாசித்திருக்கிறாள்.

"இது எவருடைய கை?" என்றார் மதர்.

மாஸ்டரின் காது இரண்டும் சிவந்துவிட்டது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "என்ரை கை, மதர்."

"நீர் பிழை திருத்த அல்லவா அனுப்பப்பட்டீர்?"

"ஓம், மதர். மூண்டு நாள் இரண்டையும் மாறி மாறி வாசிச்சுப் பாத்தனான். கோபக்காரர்…" நிறுத்தி, தொண்டையைச் செருமி, "இதை எழுதினவர், இன்னொருத்தற்றை பாட்டிலைதான் தன்ரை வேலையைச் செய்தவர். ஒருத்தர் கட்டின வீட்டிலை அவர் ஒரு அறையைச் சேத்துக் கட்டினார். இவ அதிலை ஒரு ஜன்னல் வைச்சிருக்கிறா. அடைக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார்.

அப்பா மாஸ்டரைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சரியான கட்டமும் எனக்குத் தெரியும், மதர்" என்றாள். "பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்குடுப்பேன். ஆனா என்னை வாசிக்கச் சொன்னா நான் இப்பிடித்தான் வாசிப்பேன். வேலை இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கம்பளை ரயில் கூவுவது காதில் கேட்டது.

மதர் பார்லரில் இருந்த சின்னப் பியானோவைக் காட்டினார். "இரண்டையும் வாசியும்."

அத்தை முதலில் சரியானதை வாசித்தாள். மதர் செபமாலையைப் பிடித்தபடி, ஜன்னலுக்கு வெளியே பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அத்தை தன்னுடையதை வாசித்தாள். மூன்றாம் வரி முடிவுக்கு வந்தது. என் வாயை அம்மா பொத்தியிருந்தாள்.

அப்போது அந்த அறையில், சீமை உச்சரிப்பில், மெல்லிய நடுங்கும் குரலில் பதில் வந்தது: "எங்கலுக்காக வேண்டிக்கொல்லும்."

சொல்லிவிட்டு மதரே திடுக்கிட்டுப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு மேல் துடைத்தார்.

"தை மாதம் முதலாந் தேதி வாரும்" என்றார். "சிறு பிள்ளைகளுக்கு ஓட்டையில்லாத புத்தகத்தை நாங்கள் தருவோம்."

வெளியே இரும்புக்கடைக்காரர் பூரித்துப்போய் நின்றார். "நல்ல பக்தியான பொண்ணுங்க! இப்பிடிச் சங்கீதத்தை நான் கேட்டதே இல்லைங்க. எப்ப வச்சுக்கலாம்?" அப்பா, தங்கச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது என்றும், வார்த்தை என்றால் வார்த்தைதான் என்றும் எடுத்துச் சொன்னார். நல்ல மனிதர், சண்டை போடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பியானோவையாச்சும் குடுங்க, கடை முன்னால வச்சா ஆள் கூடும்" என்றார். அதற்கு அப்பா பதில் சொல்லுமுன் அம்மா, "அது பியானோ இல்லீங்க, என் அலுமாரி" என்றாள்.

கண்டி வாவி கீழே தெரிய, மேட்டுப் பாதையில் வீட்டுக்கு இறங்கினோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. மாஸ்டரின் குடை, வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குரிய வேலைக்கு வந்தும், அவர் அதை அத்தையிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தார். பாதை முடியும் இடத்தில் அப்பா நின்று, "மாஸ்டர், சனிக்கிழமை வாங்க" என்றார்.

மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "புத்தகம் முடிஞ்சுது, ஐயா. ஒட்டுறதுக்கு இனி ஓட்டை ஒண்டும் இல்லை."

அத்தை குடைக்குள் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் முந்தானையால் என் தலையை மூடிக்கொண்டே, அலுமாரி வேண்டும் என்று கேட்ட அதே குரலில் சொன்னாள்:

"அதுக்கென்னங்க? பூச்சி அரிச்ச புத்தகமாப் பார்த்து இன்னொண்ணு வாங்கினாப் போச்சு."

சனிக்கிழமை அவர் வந்தார். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல், குடையோடு மட்டும் வந்தார். அதற்குப் பிறகு அவரை நான் மாஸ்டர் என்று கூப்பிட்டது கொஞ்ச நாள்தான்.